புட்டியின் விலையும் பொருளின் மதிப்பும்

சென்ற மாதம் அச்சரப்பாக்கத்திலிருந்து அன்பர் ஒருவர் நமது காரியாலயத்தைத் தேடி வந்தார். துணியில் பொதிந்த பொருளொன்றைக் கைக்குழந்தையை இறக்குவதுபோல் மெல்ல மேஜைமீது இறக்கி வைத்தார். அவிழ்த்துப் பார்த்தால், கனத்த பச்சைக் கண்ணாடியாலான ஷாம்பேன் புட்டி ஒன்று! பாட்டனார் காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பரண்மீதிருந்த மரப்பெட்டியை இறக்கியபோது, வைக்கோலுக்கிடையே இது நின்றுகொண்டிருந்ததாம். “ஐயா, ஐரோப்பாவில் கடலுக்கடியிலிருந்து எடுத்த புட்டி ஒன்று பல லட்சத்திற்கு ஏலம் போயிற்று என்று படித்தேன். இதற்கு என்ன பெறும்? மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், பணம் கட்ட இன்னும் மூன்று வாரந்தான் இருக்கிறது” என்றார்.

மதுவிலக்கை உயிர்க்கொள்கையாகப் போற்றிய ஒரு பரம்பரையில் வந்த பத்திரிகைக்கு ஷாம்பேன் ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியதும், 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியதும், பின்னர் 1971-ல் தளர்ந்ததும், இன்று அரசாங்கமே கடை வைத்து மது விற்பதும் நாம் அறியாதவையல்ல. குடிப்பதைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. பழம்பொருளொன்று கைக்கு அகப்பட்டால் அதை எப்படி மதிப்பிடுவது என்பதே விஷயம். அதைக் கற்பிக்க ஒரு புட்டி வாய்க்குமானால் அதை வேண்டாமென்பானேன்?

முதலில் புட்டியின் இலக்கணத்தைப் பார்ப்போம். ஷாம்பேன் என்பது பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கில், ரேன்ஸ், எப்பெர்நே என்னும் நகரங்களைச் சூழ்ந்த பிரதேசத்தின் பெயர். அங்கே விளையும் திராட்சையினின்று இறக்கும் மதுவைப் புட்டியிலடைத்த பிறகு மறுபடியும் நொதிக்கச் செய்வார்கள். அதனால் உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைந்து நிற்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் ஐந்தாறு மடங்கு. கண்ணாடி கனமாக இருப்பதும், தக்கையைக் கம்பிக் கூட்டினால் கட்டுவதும் இதன் பொருட்டே. சாதாரணமாகப் பல ஆண்டுகளின் மதுவைக் கலந்தே விற்பது அவ்வூர் வழக்கம். விளைச்சல் சிறந்த ஓராண்டில் மட்டும் அவ்வாண்டின் திராட்சையை மட்டுமே கொண்டு தயாரித்து, குறைந்தது மூன்று ஆண்டுகள் நிலவறையில் முதிரவிட்டு, ஆண்டின் எண்ணைச் சீட்டில் பொறித்து விற்பார்கள். இதுவே ‘விண்டேஜ்’ எனப்படுவது. ஆகவே, பழைய புட்டியெல்லாம் விண்டேஜ் அன்று. ஆண்டு பொறித்த புட்டியே விண்டேஜ்.

இனி, மதிப்பிடுகிறவன் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. எந்த நிறுவனத்தின் சரக்கு, எந்த ஆண்டினது என்பது முதற் கேள்வி. தக்கைக்கும் மதுவுக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பது இரண்டாவது. மது குறைந்திருந்தால், வெளியே கசிந்த அளவுக்குக் காற்று உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். நிறம் என்ன என்பது மூன்றாவது. இளம் பொன்னிறம் முதிர்ந்து ஆழ்ந்த பொன்னிறமாவது இயல்பு. பழுப்பேறிவிட்டால் மது கெட்டதற்கு அடையாளம். தக்கையும் கம்பியும் மேலுறையும் சிதையாமல் இருக்கின்றனவா என்பது நான்காவது. இத்தனை ஆண்டும் எங்கே, யாரிடம், எப்படி இருந்தது என்பது ஐந்தாவது. ஐந்தாவது கேள்விக்கு விடை இல்லாவிட்டால் மற்ற நான்கின் விடைகளுக்கும் பாதி மதிப்புத்தான். போலிப் புட்டிகள் மலிந்த உலகம் இது.

அன்பரின் புட்டியை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தோம். சீட்டை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. ஆண்டும் இல்லை, பெயரும் இல்லை. மது தக்கைக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கிக் கஷாயத்தின் நிறத்தில் இருந்தது. தக்கை வற்றிச் சுருங்கியிருந்தது. படுக்க வைத்திருந்தால் மது பட்டுத் தக்கை ஈரமாக இருந்திருக்கும். நிற்க வைத்ததனால் உலர்ந்துவிட்டது. ஷாம்பேன் விரும்புவது குளிர்ந்த, இருண்ட நிலவறையை. சித்திரை வெயிலில் செங்கற்பட்டு ஜில்லாவின் ஓட்டு வீட்டுப் பரண் எப்படிக் காயும் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

“கடப்பாக்கத்துக்கருகே ஆலம்பரைக் கோட்டையில் பிரெஞ்சுக்காரர் இருந்தார்களே, அவர்கள் காலத்துப் புட்டியாக இருக்கக்கூடாதா?” என்று அன்பர் விடாமல் கேட்டார். ஆசை தருக்கம் பேசியது. அந்தக் கோட்டை 1750-ல் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயரால் பிடித்து இடிக்கப்பட்டது. தக்கையைக் கட்டும் கம்பிக் கூடோ 1844-ல்தான் பிரான்ஸில் உரிமை பதிவாயிற்று. அதற்கு முன்பு கயிற்றினால் கட்டினார்கள். மேலும், இப்புட்டியின் பக்கத்தில் ஓடும் வார்ப்புக் கோடு வாய் விளிம்புவரை ஏறி நிற்கிறது. அது கையால் ஊதிய கண்ணாடியன்று. முழுதும் இயந்திரம் செய்தது. அப்படிப்பட்ட இயந்திரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. ஆலம்பரைக் கோட்டை இடிந்து ஒன்றரை நூற்றாண்டாவது சென்ற பிறகே இப்புட்டி பிறந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்றாவது தெரியுமா என்று கேட்டோம். பாட்டனார் வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பட்லராக இருந்தார், துரை கப்பலேறும்போது கொடுத்தார் என்பது தகப்பனார் சொன்ன கதை. ஏலத்தில் எடுத்த பெட்டிக்குள் இருந்தது என்பது சிற்றப்பா சொன்னது. புதுச்சேரியிலிருந்து வந்தது என்கிறார் அத்தை. சொன்னவர்களில் இன்று உயிரோடிருப்பவர் அத்தை ஒருவரே. எவரும் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னோம்: “குடிக்கத் தகாது, விற்கவும் முடியாது. உரிமமின்றி மது விற்பது நம் நாட்டில் குற்றம். கல்லூரிப் பணத்திற்கு வங்கிக் கடனையே நாடுங்கள்.” அன்பரின் முகம் வாடிற்று. பொய்யாக நம்பிக்கையூட்டி அனுப்பியிருந்தால் மூன்று வாரமும் வீணாகியிருக்கும்.

அவர் படித்த செய்தி பொய்யன்று. 2010-ஆம் ஆண்டு ஜூலையில், பின்லாந்தைச் சேர்ந்த ஓலண்டுத் தீவுகளின் அருகே பால்டிக் கடலில் மூழ்கிக் கிடந்த பழைய கப்பலொன்றை முக்குளிப்போர் கண்டனர். அதிலிருந்து 168 ஷாம்பேன் புட்டிகள் வெளிவந்தன. சுமார் 50 மீட்டர் ஆழம், வெளிச்சமே இல்லை, தண்ணீரோ ஐஸைப்போல் குளிர்ந்தது. மனிதர் கட்டிய எந்த நிலவறையும் அதற்கு ஈடாகாது. சீட்டுகள் அழிந்துபோயிருந்தாலும் தக்கையின் அடிப்புறத்தில் சுட்ட முத்திரைகள் அழியவில்லை. அவற்றைக் கொண்டே ஜுக்லார், வூவ் க்ளிக்கோ, ஹைட்ஸீக் என்னும் மூன்று நிறுவனங்களின் சரக்கு என்று கண்டறிந்தனர். 2011 ஜூனில் நடந்த ஏலத்தில் க்ளிக்கோ புட்டி ஒன்று 30,000 யூரோவுக்குப் போயிற்று. அக்காலத்து நாணய மாற்றுப்படி ஏறக்குறைய 19 லட்சம் ரூபாய்.

இவ்வளவு விலை எதற்கு? சுவைக்கென்று எண்ணினால் தவறு. சுவைத்துப் பார்த்த நிபுணர்கள், முதலில் நனைந்த ரோமத்தின் வாடையும் பாலாடைக்கட்டியின் வாடையும் வீசியதாகவும், காற்றுப்பட்ட பிறகே புகையும் தோலும் மலரும் கலந்த மணம் எழுந்ததாகவும் எழுதினார்கள். எந்த நிறுவனத்தது, எங்கே கிடந்தது, எப்படி வெளிவந்தது என்பதெல்லாம் ஐயமின்றித் தெரிந்ததற்கே அந்த விலை. ஏலத்தைக் காட்டிலும் பெரிய லாபம் 2015-ல் வந்தது. பிரெஞ்சு இரசாயன நிபுணர் பிலிப் ஜான்தேயும் அவருடைய கூட்டாளிகளும் அம்மதுவைச் சோதித்து, லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கண்டார்கள். இன்று ‘ப்ரூட்’ என்று விற்கும் ஷாம்பேனில் 12 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியன் எவ்வளவு இனிப்பை விரும்பினான் என்பதற்கு, ஏட்டில் எழுதிய சாட்சியைவிடப் புட்டியில் அடைத்த சாட்சி அகப்பட்டது.

நிற்க. அன்பர் புட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே, பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: “பாலாற்று முகத்துவாரத்தருகே என் மைத்துனருக்குச் சவுக்குத் தோப்பு உண்டு. கிணறு வெட்டினால் பழைய பானை ஓடுகள் கூடை கூடையாக வரும். வரப்பிலே கொட்டிவிடுவார்கள். அவற்றுக்கு என்ன விலை வரப்போகிறது?” இதைக் கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. லட்சம் பெறும் என்று அவர் நம்பிய புட்டி ஒன்றும் பெறாது. ஒன்றும் பெறாதென்று வரப்பில் கொட்டிய ஓடுகளோ நமது சரித்திரத்தின் ஏடாக இருக்கக்கூடும்!

இப்படிச் சொல்வது மிகையென்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். 1944-ஆம் ஆண்டு, இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராகப் புதிதாக வந்திருந்த மார்ட்டிமர் வீலர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டார். அங்கே அலமாரி ஒன்றில் கைவிட்டபோது, சுட்ட மண்ணாலான ஒரு சாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் வெளிவந்தன. மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவையும் எண்ணெயையும் அடைத்துக் கப்பலேற்றும் ‘ஆம்போரா’ என்னும் சாடி அது. அக்காலத்து மதுப்புட்டி என்றே சொல்லிவிடலாம். எங்கே கிடைத்தது என்று வீலர் கேட்டார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்று விடை வந்தது. உடனே அவர் புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே நூல் நிலையத்தில் வைத்திருந்த ஓடுகளில், இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செம்மண்கலத் துண்டுகளையும் கண்டார். 1945-ல் அரிக்கமேட்டில் அகழ்வாய்வு நடந்தது. அந்த இத்தாலியக் கலங்களின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என்பது ஐரோப்பாவில் முன்பே தீர்ந்த விஷயம். அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம் நாட்டுக் கலங்களுக்கும் அதனால் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்பொருளாராய்ச்சிக்கு ஊன்றி நிற்க ஓர் ஆண்டுக் கணக்கு ஏற்பட்டது அன்றுதான்.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டுவன இரண்டு. அந்தச் சாடியின் கழுத்து அலமாரியில் கிடந்தாலும், இன்ன இடத்தில் கிடைத்தது என்ற செய்தி அதனோடு இருந்தது. அந்த ஒரு செய்தி இல்லாவிட்டால் வீலர் எந்த ஊருக்குப் பயணப்பட்டிருப்பார்? இரண்டாவது, வீலருக்கு முன்பே 1941-ல், அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஐயப்பன் அரிக்கமேட்டுக்குச் சென்று அதன் பெருமையை உணர்ந்திருந்தார். புகழ் முழுவதையும் வெள்ளைக்காரருக்கே எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். வீலர் அவ்வூரை ரோமானிய வணிகத்தால் பிறந்த நிலையமாகவே கண்டார். 1989 முதல் 1992 வரை அங்கே அகழ்ந்த விமலா பெக்லியோ, ரோமானியக் கலம் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது என்பதைக் காட்டினார். யவனர் வந்து நமக்கு ஊர் உண்டாக்கவில்லை. ஊர் இருந்ததனால் யவனர் வந்தார்கள்.

அச்சாடிகளில் பெரும்பகுதி மது கொண்டுவந்தவை. கிரேக்கத் தீவாகிய கோஸின் சாடி வகை அவற்றுள் மிகுதி. மது கெடாதிருக்க அத்தீவினர் அதில் கடல்நீரைக் கலப்பார்களாம். யவனர் கொணர்ந்த நறுமண மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். புலவர் கற்பனை என்று ஒதுக்க நினைத்தவர்களின் வாயை அரிக்கமேட்டு ஓடு அடைத்துவிட்டது.

அரிக்கமேடு நமது ஜில்லாவன்று என்று ஒருவர் சொல்லலாம். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்குமிடத்தருகே, வசவசமுத்திரம் என்றொரு சிற்றூர் உண்டு. 1970-ல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையைச் சேர்ந்த நாகசாமியும் அப்துல் மஜீதும் அங்கே அகழ்ந்தார்கள். உறைகிணறு, செங்கற்றொட்டி, உருளைக்கோட்டுக் கலங்கள், கூம்பு வடிவச் சாடிகள், ஆம்போராத் துண்டுகள் ஆகியவை வெளிவந்தன. காஞ்சிமாநகரத்தின் கடல் வாணிகம் எவ்வழியே நடந்தது என்பதை ஆராய்வோர்க்கு இவை விலைமதிக்க முடியாதவை. அன்பரின் மைத்துனருடைய சவுக்குத் தோப்பு இருப்பதும் அதே முகத்துவாரந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிப்பீடு ஒருமுறையோடு முடிவதில்லை. இந்தியாவில் பல இடங்களில் ரோமானிய ஆம்போரா என்று பட்டியலிட்டிருந்த ஓடுகளை ரோபர்ட்டா டோம்பர் என்னும் ஆராய்ச்சியாளர் மறுபடியும் சோதித்தார். அவற்றில் பல, உட்புறம் நிலக்கீல் பூசிய, கைப்பிடியில்லாத மெசப்பொத்தாமியச் சாடிகள் என்பதை 2007-ல் எழுதினார். ரோமோடு நடந்ததென்று எண்ணிய வாணிகத்தில் ஒரு பங்கு பாரசீக வளைகுடாவோடு, அதுவும் பிற்காலத்தில், நடந்திருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. முதல் தீர்ப்பைத் திருத்த முடிந்தது எதனால்? ஓடுகளை எறியாமல், கிடைத்த ஊரின் பெயரோடு காத்து வைத்ததனால். வழக்கு மன்றத்தில் ஆவணம் இருந்தால்தான் மேல்முறையீட்டுக்கு இடமுண்டு, சரித்திரத்திலும் அப்படியே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகத் தெரிவிப்பது வக்கீல் தொழில் செய்த நமது கடமை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எப்பொருள் அகப்பட்டாலும், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மறைத்தால் தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறையும் அபராதமும் நேரிடலாம். அறிவித்தவருக்கு நஷ்டமில்லை: உரிமையாளர் எவருமில்லை என்று முடிவாகி, தகராறும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பதே சட்டம். அரசாங்கம் எடுத்துக்கொள்ள விரும்பினால், மூலப்பொருளின் மதிப்போடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். பரண்மீதிருந்த புட்டிக்கு இச்சட்டம் பொருந்தாது. அது மண்ணில் கிடந்ததன்று. நூறாண்டுக்குக் குறையாத, சரித்திர முக்கியமுள்ள பொருள்களை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் காக்கிறது. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது.

ஆனால் சட்டத்தின் கண் மதிப்புள்ள பொருளையே நாடும். உடைந்த ஓட்டுக்குப் பத்து ரூபாய் பெறும் என்று எந்தக் கலெக்டரிடம் வாதாடுவது? ஓட்டைக் காப்பது சட்டத்தால் ஆவதன்று. ஊராரின் அறிவால் ஆவது. கிணறு வெட்டுவோரும், வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவோரும், மணல் அள்ளுவோரும், ஓடுகள் திரளாக வந்தால் ஒரு நாள் மண்வெட்டியை நிறுத்தட்டும். எந்த இடம், எத்தனை அடி ஆழம், என்ன தேதி, உடன் வேறென்ன கிடந்தது என்று ஒரு தாளில் எழுதட்டும். ஓடுகளைக் கழுவித் தேய்க்காமல் அத்தாளோடு ஒரு பையில் வைத்து, தொல்பொருள் துறைக்குச் செய்தி அனுப்பட்டும். இதற்குப் படிப்பு வேண்டுவதில்லை; பணமும் வேண்டுவதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவர் முன்வந்தால் போதும். ‘நமது புராதனப் பெருமை’ என்று மேடையில் முழங்குகிற அன்பர்கள், ஆண்டுக்கு ஒரு நாளாவது தம் ஊர் வரப்பைக் குனிந்து பார்ப்பார்களாக.

அச்சரப்பாக்கத்தின் பெயரை அச்சு இறு பாக்கம் என்று பெரியோர் பிரிப்பர். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை முதலில் நினையாமற் சென்றதனால் அவ்விடத்தில் தேரின் அச்சு முறிந்தது என்பது ஸ்தல புராணம். முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்யாவிட்டால் தெய்வத்தின் தேரும் ஓடாது. பழம்பொருள் கிடைத்தவர்களும் ‘என்ன விலை?’ என்பதை முதற் கேள்வியாக்கி அச்சை முறித்துக்கொள்கிறார்கள். ‘எங்கிருந்து வந்தது?’ என்பதே முதற் கேள்வி. அதற்கு விடையிருந்தால் விலை பின்னால் வரும். விடையில்லாவிட்டால் விலையும் இல்லை, மதிப்பும் இல்லை.

அன்பர் இதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறோம். நம்மிடம் ஒரு தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டார். அத்தையிடம் புட்டியின் கதையை விவரமாகக் கேட்டு, தேதியிட்டு எழுதிப் பெட்டிக்குள் வைப்பதாகச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவுக்குத் தோப்புக்குப் போய், வரப்பில் கொட்டிய ஓடுகளைப் பார்ப்பதாகவும் சொன்னார். அவற்றுள் சாடியின் கழுத்து ஏதும் இருந்தால் நம் காரியாலயத்திற்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். நாமே துறையினரை அழைத்துக்கொண்டு அங்கே வருகிறோம்.